வாசகர் கேள்வி – பதில்: நோட்டீஸ் காசு முதல் அரச காசு வரை

தேர்தலுக்கு யார் காசு கொடுப்பது, யார் கணக்குக் கேட்பது என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்திருக்கிறோம்.

என் தம்பி பிரதேச சபைக்குச் சுயேச்சைக் குழுவொன்றில் நின்று தோற்றவர். தோற்றவரும் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டுமாமே? அவர் செலவழித்ததே கொஞ்சக் காசு, அதிலும் பாதி கூட்டாளிமாரின் காசு. அடுத்த முறையும் நிற்கப்போகிறேன் என்கிறார். எப்படி எழுதி வைப்பது?
— வாசகி, கொக்குவில்

கொடுக்கத்தான் வேண்டும். வென்றவர், தோற்றவர், கட்டுப்பணத்தை இழந்தவர், ஒரு சதமும் செலவழிக்காதவர் என்று இலங்கையின் 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் எவரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. பெறுபேறு வெளியானதிலிருந்து 21 நாளுக்குள் வேட்பாளர் ஒவ்வொருவரும் தன் பெயரில் வரவும் செலவும் காட்டிக் கையளிக்க வேண்டும். 2025 மே 6 இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு அந்தக் கெடு மே 28 நள்ளிரவோடு முடிந்தது. “தலைவர் எல்லாருக்கும் சேர்த்துக் கொடுத்திட்டார்” என்பது செல்லாது. குழுத் தலைவருடைய அறிக்கை வேறு, உங்கள் தம்பியினுடையது வேறு. போன முறை கொடுக்கவில்லை என்றால் அழைப்பாணை வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் ஒரு சட்டத்தரணியிடம் போகச் சொல்லுங்கள். கணக்குக் கொடுக்காதது தண்டப்பணத்தோடு குடியியல் உரிமையிலும் கைவைக்கக்கூடிய குற்றம்.

அடுத்த முறைக்கு வருவோம். கட்டுப்பணம் கட்டும் நாளிலேயே 80 பக்க சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்குங்கள். உள்ளூராட்சித் தேர்தலில் சுயேச்சைக் குழுவுக்கு ஆளுக்கு 5,000 ரூபா கட்டுப்பணம், அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு ஆளுக்கு 1,500 ரூபா. கொப்பியின் முதல் வரியாக அதையே எழுதுங்கள். இறுதி அறிக்கையில் அது எந்த இடத்தில் சேரும் என்பதைப் பிறகு படிவத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

இடப்பக்கம் வரவு. திகதி, கொடுத்தவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், தொகை, கையிலா வங்கியிலா என்பது. வலப்பக்கம் செலவு. திகதி, எதற்கு, யாருக்கு, எவ்வளவு, பற்றுச்சீட்டு இலக்கம். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று இருந்தால் பாதி வேலை மிச்சம். வீட்டுச் செலவுக் கணக்குக்குள் தேர்தல் காசையும் போட்டால் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

கூட்டாளிமாரின் காசில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். காசாக வராத உதவியும் நன்கொடைதான். நண்பர் ஒருவர் ஐந்து நாள் வான் தருகிறார், வாடகை வேண்டாம் என்கிறார். ஊரில் அந்த வானுக்கு நாளொன்றுக்கு 8,000 ரூபா வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அவர் பெயரில் 40,000 ரூபா வரவு, வலப்பக்கம் வாகனத்துக்கு 40,000 ரூபா செலவு, இரண்டையும் எழுத வேண்டும். பிரான்சில் இருக்கும் மச்சான் தன் வங்கி அட்டையால் முகநூலில் ‘பூஸ்ட்’ போட்டாலும் இதே முறைதான். விளம்பரக் கணக்கிலிருந்து பற்றுச்சீட்டை இறக்கி அச்செடுத்து வைக்க வேண்டும். தேர்தல் முடிந்து மூன்று வாரத்துக்குப் பிறகு மச்சானைத் தொலைபேசியில் பிடிப்பது சுலபமில்லை.

பற்றுச்சீட்டுகளில் வழக்கமாக வரும் கோளாறுகளையும் சொல்லிவிடுகிறோம். அச்சகத்துக்காரர் “நோட்டீஸ் 5000” என்று மட்டும் எழுதித் தருவார். அளவு, ஒன்றின் விலை, திகதி, வேட்பாளர் பெயர் நாலும் இருக்க வேண்டும் என்று அங்கேயே நின்று எழுதுவியுங்கள். நோட்டீசின் அடியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் போட வேண்டும் என்பது பழைய தேர்தல் சட்டம். ஆகவே ஊருக்குள் கிடக்கும் நோட்டீசையும் உங்கள் கணக்கையும் ஒப்பிட எவராலும் முடியும். குழுவில் உள்ள எல்லாரும் சேர்ந்து ஒரே பில்லில் அடித்திருந்தால் ஆளுக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் பிரித்து, எல்லாரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோல் நிலையத்துப் பில் வெப்பத்தாளில் வருவது. சட்டைப் பையில் இரண்டு கிழமை இருந்தால் வெள்ளைத் தாளாகிவிடும். அன்றைக்கே நிழற்பிரதி எடுத்து, வாகன இலக்கத்தையும் ஓட்டியவர் பெயரையும் பின்பக்கம் எழுதுங்கள். ஓட்டோக்காரர், ஒலிபெருக்கி கட்டுபவர், கதிரை வாடகைக்குக் கொடுப்பவர் பில் புத்தகம் வைத்திருக்கமாட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கி, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும்.

சாப்பாட்டுப் பார்சலில் கவனம். உங்களோடு வேலைசெய்யும் பெடியளுக்கு வாங்கினால் அது செலவு. கூட்டத்துக்கு வந்த வாக்காளருக்குக் கொடுத்தால் அது வேறு குற்றமாகிவிடும், கணக்கில் ஒழுங்காக எழுதினாலும் தப்ப முடியாது.

அறிக்கையை மாவட்டச் செயலகத்தில் தெரிவத்தாட்சி அலுவலரிடம் கொடுக்கும்போது இரண்டாவது பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். 21 ஆம் நாள் போனால் வரிசை படிக்கட்டு வரைக்கும் நிற்கும். 15 ஆம் நாளே போவது நல்லது, படிவத்தில் பிழை இருந்தால் திருத்தவும் நாள் கிடைக்கும்.

லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்ச்சங்கம் ஒரு வேட்பாளருக்குக் காசு அனுப்ப விரும்புகிறது. வாங்கலாமா? வங்கிக்குப் போகாமல் ஆள் மூலம் கைமாறும் உண்டியலில் வந்தால் தெரியவராதுதானே?
— வல்வெட்டித்துறை வாசகர்

சங்கத்தின் காசென்றால் வாங்காதீர்கள். வெளிநாட்டு அரசாங்கம், சர்வதேச நிறுவனம், வெளிநாட்டில் பதிவான அமைப்பு ஆகியவற்றிடம் தேர்தலுக்கு நன்கொடை பெறுவதை அதே சட்டம் தடுக்கிறது. அங்கே தர்மஸ்தாபனமாகப் பதிந்த சங்கமென்றால் அவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: பிரித்தானியச் சட்டப்படி தர்மஸ்தாபனம் எந்தக் கட்சிக்கும் வேட்பாளருக்கும் காசு கொடுக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடச் சேர்த்த காசு நோட்டீசாகிப் போனால் சங்கத்தின் பதிவே ஆபத்தில் விழும்.

தனியாள் ஒருவர் தன் பெயரில் அனுப்பினால், பெயரோடும் வங்கி வழியாகவும் வரட்டும். அவர் வேற்று நாட்டுக் குடியுரிமை எடுத்தவரென்றால், காசைத் தொடுவதற்கு முன் தேர்தல் அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

உண்டியலை மறந்துவிடுங்கள். கொடுத்தவர் யாரென்று காட்ட முடியாத காசை வாங்குவதே தடை. உண்டியல் காசுக்கு இங்கே கொண்டுவந்து தருபவரின் முகம் மட்டும்தான் இருக்கும், அனுப்பியவரின் பெயருக்கு ஒரு துண்டும் இராது. “எங்கிருந்து வந்தது” என்ற பத்தியில் என்ன எழுதுவீர்கள்? மாமா என்றா?

எங்கள் நாட்டில் வேட்பாளருக்கு அரசாங்கம் காசு கொடுக்கிறதா? கொடுத்தால் நல்லதுதானே, முதலாளிமாரின் பிடி தளராதா?
— ஆசிரியர், சாவகச்சேரி

கொடுக்கிறது. ஆனால் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பீர்கள். 1981 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு அரச மானியம் உண்டு. முந்திய பொதுத் தேர்தலில் கட்சி எடுத்த வாக்கொன்றுக்கு 50 சதம். 1981 இல் அது காசு. இன்று 20 இலட்சம் வாக்கு எடுத்த கட்சிக்குக் கிடைப்பது 10 இலட்சம் ரூபா. அதை 22 தேர்தல் மாவட்டத்துக்கும் பிரித்தால் மாவட்டத்துக்கு 45,454 ரூபா. மேடையும் பந்தலும் போட்டு முடிய ஒலிபெருக்கிக்கே காசு மிஞ்சாது. இதோடு அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஜனாதிபதி வேட்பாளருக்கு இலவச நேரம் உண்டு. காசாகப் பார்த்தால் மானியத்தைவிட இதுதான் பெறுமதி.

நேரடி மானியம் இப்படிச் சுருங்கிப்போனாலும் மறைமுக மானியம் ஒருநாளும் சுருங்கவில்லை. அரச வாகனம், அரச விடுதி, தேர்தலுக்கு முதல் மாதம் அவசரமாகத் திறக்கப்படும் வீதி, நிவாரணப் பொதி எல்லாம் வரி கட்டுபவரின் காசுதான், ஆனால் ஆளுங்கட்சிக்கு மட்டும். 2015 ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 60 கோடி ரூபாவில் சில் துணி (பௌத்தர்கள் சில் அனுட்டிக்கும்போது உடுத்தும் வெள்ளைத் துணி) பகிர்ந்த விவகாரம் நினைவிருக்கும். 2017 இல் கொழும்பு மேல் நீதிமன்றம் இரு உயரதிகாரிகளைக் குற்றவாளிகளாகக் கண்டது, 2020 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சட்டத்தின் கண்ணில் முடிவு அதுதான். ஆனால் தேர்தலுக்குச் சில கிழமை இருக்க அரச நிறுவனம் ஒன்றின் காசில் துணி பகிர முடிந்தது என்பது அப்படியே நிற்கிறது.

ஆகவே எங்கள் கருத்து: அரச நிதி வேண்டும், ஆனால் அது இரண்டாவது படி. நன்கொடையும் செலவும் வெளியே தெரியாத நாட்டில் அரசாங்கம் 50 சதத்தை 50 ரூபாவாக்கினால், முதலாளியின் காசுக்கு மேல் அரசாங்கத்தின் காசும் சேருமே தவிர, ஒன்று போய் மற்றது வராது. இங்கே இருப்பவர்களிலும் வெளிநாட்டு முறைகளைப் புகழ்பவர்கள் இந்த வரிசையை மாற்றித்தான் பேசுகிறார்கள்.

செலவுக்கு உச்சவரம்பு போடுகிறார்களே, அதை எப்படிக் கணிக்கிறார்கள்?
— காரைநகர் வாசகர்

வாக்காளர் எண்ணிக்கையை ஒரு தொகையால் பெருக்குவதுதான். வேட்புமனு முடிந்த பிறகு தேர்தல்கள் ஆணைக்குழு கட்சிகளோடு பேசி வர்த்தமானியில் அறிவிக்கும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா. பதிவான வாக்காளர் 17,140,354 பேர், பெருக்கினால் 1,868,298,586 ரூபா. கட்சி வேட்பாளரென்றால் அதில் 60 வீதத்தை வேட்பாளரும் 40 வீதத்தைக் கட்சிச் செயலாளரும் செலவழிக்கலாம்.

187 கோடி என்பது வரம்பா, அனுமதியா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. எவரும் எட்டமுடியாத உயரத்தில் தடியை வைத்தால் பாய்ந்தோமா இல்லையா என்று பார்க்கவே தேவையில்லை. மிகத் தாழ்வாக வைத்தால் எல்லாரும் பொய்க்கணக்கு எழுதுவார்கள். அதைவிட, வேட்புமனு முடிந்த பிறகு வரம்பு அறிவிப்பது பிழை என்பது எங்கள் எண்ணம். அதற்குள் பெரிய கட்சிகள் விளம்பர நேரத்தையும் பேருந்துகளையும் பேசி முடித்திருக்கும்.

உள்ளூராட்சிக்கும் பாராளுமன்றத்துக்கும் தொகை சபைக்குச் சபை, மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். வர்த்தமானியில் உங்கள் சபைக்குரிய வரியைப் பாருங்கள். அயல் சபைக்காரர் சொன்ன கணக்கில் நிற்காதீர்கள்.

பாராளுமன்றத் தேர்தலில் ஒரே கட்சிக்காரரே தனித்தனி நோட்டீஸ் அடிக்கிறார்கள். ஏன் இந்த வீண்செலவு?
— பருத்தித்துறை வாசகி

காரணம் விருப்பு வாக்கு, அதாவது கட்சிக்குப் போட்ட வாக்கோடு அதே பட்டியலில் விரும்பிய வேட்பாளரின் இலக்கத்துக்கும் போடும் வாக்கு. 2024 இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனம். ஒரு பட்டியலில் மூன்று பேர் கூட, அதாவது 9 பேர் நின்றார்கள். 44 பட்டியல்கள், ஆகவே 396 வேட்பாளர். வாக்காளர் 593,187 பேர். கட்சிக்கு ஓர் ஆசனம் கிடைக்கும் என்று தெரிந்தால் அந்த ஒன்பது பேருக்கும் எதிரி அடுத்த கட்சி இல்லை, பக்கத்துக் கதிரையில் இருப்பவர்தான்.

நோட்டீஸ் ஒன்றுக்கு 3 ரூபா என்று வைத்தால், வாக்காளருக்கொன்று வீதம் 1,779,561 ரூபா. ஒன்பது பேரும் தங்கள் இலக்கத்தைப் போட்டுத் தனித்தனியே அடித்தால் 16,016,049 ரூபா. ஒரே சின்னம், ஒரே கொள்கை, ஒன்பது முகம். தொகுதி சிறிதாக இருந்தால், அல்லது விருப்பு வாக்கு இல்லாமல் கட்சிப் பட்டியலின் ஒழுங்கில் ஆள் தெரிவானால் இந்தச் செலவு விழும். ஆனால் பட்டியலின் ஒழுங்கைக் கட்சித் தலைமை எழுதும், அதற்கும் விலை போடுபவர்கள் உண்டு. காசு கதவை மாற்றிக்கொள்ளும்.

வாக்காளருக்கொன்று என்பதை வீட்டுக்கொன்று என்று மாற்றினாலே அச்சுச் செலவு பாதிக்குக் கீழே போகும் என்பதை வேட்பாளர்கள் ஏனோ யோசிப்பதில்லை.

கனடாவில் இருக்கும் மகள், கட்சிக்குக் கொடுத்த காசை அரசாங்கம் திருப்பித் தருகிறது என்கிறாள். அப்படியும் நடக்குமா?
— மானிப்பாய் வாசகர்

நடக்கிறது. கையில் காசாக இல்லை, வருமான வரியில் கழிவாக. கூட்டாட்சிக் கட்சிக்குக் கொடுக்கும் முதல் 400 டொலருக்கு 75 வீதம் வரிக்கழிவு. 400 கொடுத்தால் 300 வரியில் குறையும், உண்மையில் மகளின் பையிலிருந்து போவது 100. குடிமக்களும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும் மட்டுமே கொடுக்கலாம், அதுவும் ஆண்டுக்கு இவ்வளவு என்ற வரம்புக்குள். கம்பனியோ தொழிற்சங்கமோ கொடுக்க முடியாது.

வேட்பாளர் பக்கமும் உண்டு. தொகுதியில் 10 வீத வாக்கு எடுத்த வேட்பாளருக்குச் செலவில் 60 வீதம் வரை திரும்பக் கிடைக்கும், கணக்கு ஒழுங்காகக் கொடுத்திருந்தால். 2004 இல் வாக்கொன்றுக்கு 1.75 டொலர் வீதம் கட்சிகளுக்கு நேரடி மானியமும் வந்தது. படிப்படியாகக் குறைத்து 2015 இல் நிறுத்திவிட்டார்கள்.

ஜேர்மனியில் அரசு கட்சிக்குக் கொடுப்பது, கட்சி தானாகத் திரட்டியதைவிடக் கூடக் கூடாது. ஊர்ச்சனத்திடம் பத்து ரூபா வாங்க முடியாத கட்சியை அரசாங்கம் தாங்காது என்பதே அதன் பொருள். நியூயோர்க் நகரத்தில் நகரவாசி ஒருவர் கொடுக்கும் சிறுநன்கொடையில் டொலர் ஒன்றுக்கு நகரம் எட்டு டொலர் சேர்க்கிறது, பத்து டொலர் கொடுத்தால் வேட்பாளருக்குத் தொண்ணூறு. எங்கள் ஊருக்கு எதையாவது எடுப்பதானால் இதை எடுக்கலாம் என்று தோன்றுகிறது. ஓட்டோக்காரரின் 500 ரூபாவுக்கு மதிப்பு வந்தால், வேட்பாளர் ஓட்டோத் தரிப்பிடத்துக்கு வருவார்.

அமெரிக்காவில் அரச நிதி தோற்றுவிட்டது என்கிறார்களே?
— மாணவன், நல்லூர்

ஜனாதிபதித் தேர்தலில் தோற்றது, காரணம் எளிது. அரச காசை எடுத்தால் அதற்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது நிபந்தனை. 2008 இல் ஜோன் மக்கெய்ன் 84.1 மில்லியன் டொலரை எடுத்துக்கொண்டு அதற்குள் நின்றார். பராக் ஒபாமா வேண்டாம் என்று சொல்லி, இணையத்தில் திரட்டி, அதைப்போலப் பல மடங்கு செலவழித்து வென்றார். அதன்பிறகு அரச காசை எடுப்பவன் முட்டாள் என்றாகிவிட்டது. வரிப்படிவத்தில் ‘இந்த நிதிக்கு 3 டொலர்’ என்ற பெட்டி இன்னும் இருக்கிறது, அதில் புள்ளடி போடுபவர்தான் குறைவு. மறுபக்கத்தில், செலவுக்கு வரம்பு போடுவதே பேச்சுரிமையைத் தடுப்பது என்று 1976 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னதால் எல்லாருக்கும் பொதுவான வரம்பு அங்கே சாத்தியமில்லை. எங்களுக்கு அந்தத் தடை இல்லை.

இந்தியத் தேர்தல் பத்திரம் என்றால் என்ன?
— ஊர்காவற்றுறை வாசகர்

பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாவிலிருந்து ஒரு கோடி வரை பத்திரம் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கும் முறை, 2018 இல் வந்தது. வாங்கியவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே 2024 பெப்ரவரி 15 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. யார் காசு கொடுத்தார் என்பது வாக்காளர் அறியவேண்டிய தகவல் என்பது தீர்ப்பின் சாரம்.

எங்கள் வேட்பாளர் கொடுத்த கணக்கை நான் பார்க்க முடியுமா?
— ஓய்வுபெற்ற லிகிதர், சுன்னாகம்

முடியும். செலவறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்குரியவை. முதலில் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் நேரே கேளுங்கள். “இன்றைக்கு ஆளில்லை, பிறகு வாங்கோ” என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. “எல்லாக் கணக்கையும் தருக” என்று எழுதாமல் இன்ன தேர்தல், இன்ன சபை, இன்ன வேட்பாளர், செலவறிக்கையின் பிரதியும் நன்கொடையாளர் பட்டியலும் என்று குறிப்பாகக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும்.

கையில் கிடைத்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். வாகனம் என்ற வரியைப் பாருங்கள். ஊருக்குள் மூன்று வாரம் ஒலிபெருக்கியோடு இரண்டு ஓட்டோ ஓடியது உங்களுக்குத் தெரியும், கணக்கில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். மேடை, கதிரை, மின்பிறப்பாக்கி இல்லாமல் கூட்டம் நடந்திராது. நன்கொடை பூச்சியம், செலவு எல்லாம் சொந்தக் காசு என்றிருந்தால், வேட்புமனுவோடு கொடுத்த சொத்து விபரத்தோடு ஒப்பிடுங்கள். 2023 ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி அதுவும் கொடுக்க வேண்டியது. கையிருப்பு இல்லாதவர் எங்கிருந்து செலவழித்தார்?

தேர்தல் காலத்திலேயே கட்அவுட், பதாகை, கூட்டம் எல்லாவற்றையும் திகதியோடு படமெடுத்து வைத்திருந்தால் ஒப்பிடுவது சுலபம். விண்ணப்பத்தின் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு உள்ள 14 வேலைநாளை எண்ணுவது அன்றிலிருந்துதான். மறுத்தால் 14 நாளுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழு.